மசாஃபி ஏற்றத்தில் போட்ட சண்டை

சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறவர்கள் பிரஷர் குக்கர் எடுத்துப் போவார்களா என்று எனக்குத் தெரியாது. நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு லிட்டர் குக்கர், அதன் வெயிட் தனியாக ஒரு சாக்ஸுக்குள். "வழியெல்லாம் கடை இருக்கு, இது எதுக்கு?" என்று என் கணவர் கேட்டிருக்க வேண்டும். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கேட்கவில்லை. "எடுத்துக்கம்மா, உனக்கு எது வசதியோ அது" என்றார். அவரோடு எனக்கிருந்த பிரச்சினையே அதுதான்.

அவர் துபாய்க்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று. முதல் லீவில் ஊருக்கு வந்தபோது என்னைப் பெண் பார்த்து, அதே லீவில் தாலி கட்டி, நாற்பதாவது நாள் விமானம் ஏறினார். அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அறுபது நாள் லீவ். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருஷம்கூடத் தேறாது.

லீவில் வந்த மனிதரோடு யாராவது சண்டை போடுவார்களா? எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் போட மாட்டார்கள். லீவ் வீடு என்றால் தெருவுக்கே தெரியும். காலை ஒன்பது மணிக்கே மீன் குழம்பு கொதிக்கும். பிள்ளைகளை யாரும் அதட்ட மாட்டார்கள். மாமியாரும் மருமகளும் அந்த அறுபது நாளைக்கு மட்டும் சமாதானமாகிவிடுவார்கள். "பாவம், இருக்கிற நாளாவது அந்த மனுஷன் நிம்மதியா இருக்கட்டும்" என்பார்கள். எனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவர் போன பிறகு ஒரு மூச்சு அழுதுவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவேன். அவரும் அப்படித்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஃபோனில் எப்போதாவது பேச்சு தடித்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு சிக்னல் போய்விடும்.

நான் கிராம சுகாதார செவிலியர். நர்சம்மா என்பார்கள். ஆறு கிராமங்கள் என் பொறுப்பு. தடுப்பூசிப் பெட்டியை கேரியரில் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் சைக்கிள் மிதித்திருக்கிறேன். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஸ்கூட்டர் வாங்கியபோதும் நான் வாங்கவில்லை. பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்ததும் வீடு காலியாகிவிட்டது. இவரும் ஃபோர்மேன் ஆகி, குடும்ப விசா எடுக்கிற நிலைக்கு வந்திருந்தார். "ஒரு ஆறு மாசம் வந்து இருந்து பாரேன்" என்றார். சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஜூலையில் வந்தேன். ஜனவரி பத்தாம் தேதிக்குள் நான் வேலையில் திரும்பச் சேர வேண்டும். இல்லையென்றால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்க வேண்டும். நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் கட்டட வேலை நடக்கிற சைட்டில் எல்லோரிடமும், "வீட்டம்மா வந்தாச்சு, இனிமே இங்கதான்" என்று சொல்லி வைத்திருந்தார். சந்தையில் பார்த்த ஒருவர் என்னிடமே அதைச் சொல்லி வாழ்த்தினார்.

முதல் பதினெட்டு வருஷம் அவர் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில், ஒரு ரூமில் எட்டுப் பேரோடு இருந்தவர். இப்போது சத்வாவில், ஒரு தையல் கடைக்கு மேலே, ஒற்றை அறை வீடு. காலையிலிருந்து தையல் மிஷின் சத்தம் தரையில் அதிரும். அவர் ஐந்து மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஆறாகிவிடும். நடுவில் நானும் அந்தச் சத்தமும்தான். ஹிந்தி எனக்கு வராது, அரபி அதைவிட வராது. அவர் சாயங்காலம் வந்ததும் வராண்டாவிலேயே நின்று தலை சீவிக்கொள்வார் என்பதை ஒருநாள் கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். முகத்தை ஒருமுறை துடைத்து, கொஞ்சம் சிரித்துப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் மணி அடித்தார். பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற மனிதர், "கிளம்பு, எங்கயாச்சும் போவோம்" என்பார். மால், கடற்கரை, நீரூற்று. எனக்கு அந்தக் கூட்டமும் குளிரும் ஆகாது, ஆனால் அவர் ஆசையாகக் கூப்பிடுகிறாரே என்று போவேன். நானும் சளைத்தவள் இல்லை. தினமும் குழம்பு, ரசம், இரண்டு பொரியல், ஒரு வறுவல். ஆக ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் இருந்தோம், வீட்டுக்காரர் என்று யாரும் இல்லை.

அவர் கம்பெனியில் லாட்வியாக்காரர் ஒருவர் இன்ஜினியராக இருந்தார். அவரும் மனைவியும் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்புகிறார்கள் என்று அக்டோபரில் ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சாம்பாரைச் சூப் என்று நினைத்துக் குடித்தார்கள், குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஃபோனில் படம் காட்டினார்கள். ஒவ்வொரு கோடையிலும் இரண்டு பேரும் சைக்கிளில் பால்டிக் கடலோரமாகவே போவார்களாம். லித்துவேனியாவில் தொடங்கி, சொந்த நாட்டைக் கடந்து, எஸ்தோனியா வரை மூன்று வாரம். கடல் மணல் வரைக்கும் வந்து நிற்கிற பைன் மரங்கள், நடுவில் சின்னதாக ஒரு பச்சைக் கூடாரம், அதன் வாசலில் காப்பி போடுகிற அந்தம்மா. ஒரு படத்தில் மட்டும் அந்தம்மா முகம் உர்ரென்று இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அன்னைக்கு இவர் தப்பான ரோட்ல கூட்டிட்டுப் போயிட்டாராம். அறுபது கிலோமீட்டர் அந்தம்மா பேசலையாம்" என்று என் கணவர் மொழிபெயர்த்தார். அவர்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அந்தக் கடலோ மரமோ பெரிதாகத் தெரியவில்லை. ஒரு மனுஷியால் அறுபது கிலோமீட்டர் புருஷனோடு பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் அதைப் படமெடுத்து வைத்துச் சிரிக்க முடிகிறதே என்று பொறாமையாக இருந்தது.

போகும்போது இரண்டு சைக்கிளையும், கூடாரத்தையும், உள்ளங்கை அளவு கேஸ் அடுப்பையும் எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். "நர்சம்மா, நீயும் சைக்கிள்காரிதானே, நாம ஒரு ரவுண்டு போவோமா?" என்றார் என் கணவர். டிசம்பர் விடுமுறையோடு சேர்த்து அவருக்கு எட்டு நாள் கிடைத்தது. பால்டிக் எங்கே, நாங்கள் எங்கே. ஆனால் இந்த நாட்டுக்கும் இரண்டு பக்கம் கடல் இருக்கிறது. மேற்குக் கடலோரம் உம்முல் குவைனில் தொடங்கி, ராஸ் அல் கைமா போய், மலையேறி மசாஃபி, அந்தப் பக்கம் இறங்கி திப்பா, அங்கிருந்து கிழக்குக் கடலோரமாகவே கல்பா. அதுதான் திட்டம்.

சேலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவளுக்கு சுடிதார் பெரிய சௌகரியமாக இருந்தது. அந்தம்மாவின் சைக்கிளுக்கு சீட்டை ஒரு சாண் இறக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான். நண்பர் ஒருவர் பிக்கப் வண்டியில் உம்முல் குவைனுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். இருபது கியர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, ஒன்றிலேயே போனேன். சின்ன ரோடாகப் பார்த்து, கடல் ஒரு பக்கமும் உப்புத்தரை ஒரு பக்கமுமாகப் போனோம். ஐந்து மாதம் அடைந்து கிடந்த உடம்பு திறந்துகொண்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் எப்போதும் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருப்பார், கை காட்டுவார்.

முதல் நாள் சாயங்காலம் கடற்கரையில் கூடாரம் போட்டோம். "வாசல் கடலைப் பாத்து இருக்கட்டும்" என்றேன். "சரிம்மா" என்றார். அடுப்பில் குக்கரை ஏற்றி இரண்டு விசில் விட்டதும், கொஞ்ச தூரத்தில் கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்த அரபிக் குடும்பத்திலிருந்து பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். அந்த வீட்டம்மா ஒரு தட்டு நிறையச் சோறும் கறியும் கொடுத்தனுப்பினார். நான் பதிலுக்குப் பருப்புச் சாதமும் ஊறுகாயும் அனுப்பினேன். என் தட்டு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் திரும்பி வந்தது. பொழுது சாய்ந்ததும் கடலிலிருந்து காற்று எழுந்தது. நேராகக் கூடாரத்துக்குள் மணல். சோற்றில் மணல், படுக்கையில் மணல், காதுக்குள் மணல். அவர் பேசாமல் துண்டால் தட்டித் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் அவர் அடிக்கடி நின்றார். "நீ போயிக்கிட்டே இரு, நான் ரெண்டு போட்டோ எடுத்துட்டு வர்றேன்" என்பார். நானும் ஏதாவது நிழலில் நின்று காத்திருப்பேன். ராஸ் அல் கைமா போய்ச் சேருவதற்குள் பத்துப் பதினைந்து தடவை போட்டோ எடுத்திருப்பார். அன்றைக்குச் சாயங்காலம் மகளுக்கு அனுப்பலாம் என்று அவர் ஃபோனை வாங்கிப் பார்த்தால் மூன்றே மூன்று படம்தான் இருந்தது. அதிலும் ஒன்று அவர் கட்டைவிரல். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மலையடிவாரம் வரை போய்த் தங்கினோம். நாலாம் நாள் ஏற்றம். எங்கள் ஊர் மாதிரி பச்சை மலை இல்லை, எல்லாம் துருப்பிடித்த நிறத்தில் வெறும் கல். லாரிகள் முனகிக்கொண்டு ஏறும். நான் மசாஃபிக்குச் சற்று முன்னால், மேட்டில் இருந்த ஒரு டீக்கடையில் நின்று இரண்டு டீ சொன்னேன். முதல் டீயைக் குடித்தேன். இரண்டாவது ஆறிப்போனதால் அதையும் குடித்தேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடது காலை ஊன்றாமல், சைக்கிள்மேல் சாய்ந்து சாய்ந்து வந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து ஒரு சிரிப்பு சிரித்தார். வராண்டாவில் ஒத்திகை பார்க்கிற அதே சிரிப்பு.

கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கப் போன சாக்கில் பாக்கெட்டிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தே பிழைத்தவள் நான், என் கண்ணுக்குத் தப்புமா? கையை நீட்டினேன். பத்து மாத்திரை அட்டையில் எட்டு காலி. பெஞ்சில் உட்காரவைத்து பேண்ட்டைச் சுருட்டினேன். முழங்கால் பலாக்கொட்டை போட்டு அடைத்த மாதிரி வீங்கியிருந்தது.

"எப்பருந்து?"

"ஒண்ணும் இல்லம்மா. லேசா."

"எப்பருந்துன்னு கேட்டேன்."

"மொத நாள்லருந்து." பிறகு கொஞ்சம் இழுத்து, "இது பழசு. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி சைட்ல ஏணியிலருந்து விழுந்தேன்ல" என்றார்.

விழுந்தேன்ல என்றால் எனக்குத் தெரிந்த விஷயம் மாதிரி. எனக்குத் தெரியாது. கேட்கக் கேட்கச் சொன்னார். தசைநார் கிழிந்து, மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் சோனாப்பூர் ரூமில் கிடந்திருக்கிறார். கூட இருந்தவர்கள்தான் கழிப்பறைக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அந்த ஆறு வாரமும் என்னிடம் ஓவர்டைம் என்று சொல்லி வீடியோ போடாமல் பேசியிருக்கிறார். ஓவர்டைம் செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நானும் தினமும் புத்தி சொல்லியிருக்கிறேன்.

"ஆறு ஊர்லயும் எவனுக்கு எங்க வலிச்சாலும் எங்கிட்ட வந்து சொல்றான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "காட்ட வெக்கப்படுற எடத்தக்கூட காட்டிச் சொல்றாங்க. கட்டுன புருஷன் சொல்ல மாட்டீங்க. நான் யாரு உங்களுக்கு? லீவுக்கு வந்தா சோறு போடுற ஆளா?"

"உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான..."

"கஷ்டப்படுத்துங்க. கஷ்டப்படத்தான கட்டிக்கிட்டேன். மொத நாள் மணல் அடிச்சுச்சே, காத்து எந்தப் பக்கம் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லலை?"

"நீ ஆசப்பட்ட. விட்டுட்டேன்."

"யாரு விடச் சொன்னா?"

அப்போதுதான் அவர் கத்தினார். டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். "நீ மட்டும் சொன்னியா? கர்ப்பப்பைய எடுத்துட்டு ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் கழிச்சு சொன்ன. அதையும் சளிப் பிடிச்சுச்சுங்கிற மாதிரி சொன்ன. ஃபோன வெச்சுட்டு நான் என்ன பண்ணேன்னு தெரியுமா உனக்கு? இப்பயும் தெனமும் காலண்டரப் பாக்குற. ஜனவரிக்கு என்ன பண்ணப் போறேன்னு சொன்னியா? நான் கேக்கணும்னு இருக்கியா? கேக்க மாட்டேன் போ."

என் கணவர் கத்தினால் குரல் எப்படி இருக்கும் என்பதை என் நாற்பத்தேழாவது வயதில் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் கீச்சென்று இருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்தக் கோபத்திலேயே சைக்கிளை எடுத்தேன்.

மசாஃபியைத் தாண்டினால் திப்பா வரை பெரும்பாலும் இறக்கம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ரோடு. பிரேக் பிடிக்காமல் போனேன். கோபத்தில் சைக்கிள் ஓட்டுவது நன்றாகத்தான் இருக்கிறது. பாதி தூரத்தில்தான் உள்ளே இருக்கிற நர்ஸ் விழித்துக்கொண்டாள். வீங்கிய காலோடு ஒரு நோயாளியை மலைமேல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு கருவேல மரத்தடியில் நிறுத்திவிட்டு நின்றேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். திரும்பப் போகலாம் என்று சைக்கிளைத் திருப்பும்போது அவர் வந்தார். இறக்கத்தில் முழங்காலுக்கு வேலையில்லை, விர்ரென்று வந்தார். நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார். அந்தம்மா அறுபது கிலோமீட்டர் எப்படிப் பேசாமல் இருந்தாள் என்று அப்போது புரிந்தது. சிரமமே இல்லை.

திப்பாவில் கடற்கரை ஓரமாக அவர் இறங்கி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், காற்றுக்கு முதுகு காட்டிக் கூடாரத்தை அடித்தார். ஒரு பொட்டு மணல் வரவில்லை. அதைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. சண்டை போட எங்களுக்குத் தெரியாது என்பதுகூடப் பரவாயில்லை, அதை முடிக்கத் தெரியவில்லை என்பதுதான் பெரிய சங்கடமாக இருந்தது. மற்ற தம்பதிகள் கல்யாணமான முதல் வருஷத்திலேயே இதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். யார் முதலில் பேச வேண்டும், எதைச் சாக்கு வைத்துப் பேச வேண்டும், எவ்வளவு நேரம் பிகு செய்யலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். நாங்கள் நாலடி அகலக் கூடாரத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அடுத்த அறைக்குப் போகலாம் என்றால் அறையே இல்லை. சோறு வடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்பு இல்ல" என்றார்.

இருபத்து மூன்று வருஷத்தில் என் சமையலில் அவர் சொன்ன முதல் குறை. உப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். "போட்டுக்கங்க" என்றேன். போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

காலையில் ஈரத்துணியை அவர் முழங்காலில் சுற்றி, காலைத் தூக்கிப் பையின்மேல் வைத்து, இன்றைக்கு முழுவதும் நகரக்கூடாது என்று உத்தரவு போட்டேன். நோயாளியிடம் பேசுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், "தெனமும் ரெண்டு பொரியல் வைக்கிறல்ல, அது வேணாம். ராத்திரி செரிக்கவே மாட்டேங்குது" என்றார்.

"பின்ன என்ன வேணும்?"

"கஞ்சி. ஒரு துவையல். போதும்."

"அஞ்சு மாசமா அதுக்காக நாள் முழுக்க அடுப்படியில நிக்கிறேன் நான்."

"யாரு நிக்கச் சொன்னா?" என்று அவர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது.

அப்புறம் அன்றைக்குப் பூராவும் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு மால் பிடிக்காது, சாயங்காலம் வந்தால் சும்மா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அலுப்பாக உட்காருங்கள் என்றேன். நான் ராத்திரி குறட்டை விடுவதாகச் சொன்னார். அவர் ஃபோனில் சத்தம் போட்டுப் பேசுகிறார் என்றேன். அவர் அனுப்பிய சென்ட் பாட்டில்களையெல்லாம் நான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னேன். என் தம்பியை அவருக்கு எப்போதுமே பிடிக்காது என்பதைச் சொன்னார். கர்ப்பப்பை விஷயத்தைக் கேட்ட அன்றைக்கு ஃபோனை வைத்துவிட்டு என்ன செய்தார் என்று கேட்டேன். ரூமில் எட்டுப் பேர் இருந்ததால் கேம்ப் பஸ்ஸில் ஏறி, காலியாக நின்ற பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுததாகச் சொன்னார். நான் அவர் காலில் துணியை மாற்றிச் சுற்றினேன். இவ்வளவு பேசியும் ஜனவரியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதைத் தொட இரண்டு பேருக்கும் பயமாக இருந்தது.

ஒருநாள் முழு ஓய்வு கொடுத்ததில் வீக்கம் வடிந்தது. அதற்கப்புறம் அவர் முன்னால், நான் பின்னால். வலித்தால் கையைத் தூக்க வேண்டும் என்பது சட்டம், நாலைந்து தடவை தூக்கினார். கோர்ஃபக்கானில் ஒரு பொழுது, ஃபுஜைராவில் ஒரு பொழுது என்று நத்தை மாதிரி நகர்ந்து, எட்டாம் நாள் மத்தியானம் கல்பா கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். பிக்கப் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சைக்கிள்களைச் சாய்த்து வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். இந்தக் கரையில் சொல்லாவிட்டால் சத்வா போனதும் மறுபடி விருந்தாளி ஆகிவிடுவோம் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் ஜனவரியில போறேங்க" என்றேன். "வேலையில சேரப் போறேன். இன்னும் பதிமூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. அது என் வேலை. விட்டுட்டு இங்க உக்காந்துருக்க என்னால முடியல. உங்கமேல எந்தக் கோவமும் இல்ல."

அவர் மணலைக் கையால் நிரவிக்கொண்டிருந்தார்.

"போகாத" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். லீவ் முடிந்து கார் வாசலில் நிற்கும். பெட்டியை ஏற்றியாகிவிட்டிருக்கும். பெண்டாட்டி சிரித்த முகமாக நின்று, போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். கார் திரும்பிய பிறகுதான் அழ வேண்டும். போகாதீங்க என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல் அந்த மனிதரின் நெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கும், வெயிலில் உயரத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு அது ஆகாது என்று மாமியார்களும் சொல்லித் தருவார்கள், நமக்கே தெரியும். அதைச் சொல்லாமல் நான் பதினோரு தடவை வாசலில் நின்றிருக்கிறேன். எனக்கு ஒருவர் அதைச் சொல்லுவார் என்று நினைத்ததே இல்லை.

"இத நான் உங்ககிட்ட பதினோரு தடவ சொல்லாம முழுங்கியிருக்கேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லியிருந்தா நின்னுருப்பீங்களா?"

எட்டு நாளுக்கு முந்திய மனிதராக இருந்தால் கண்டிப்பாக நின்றிருப்பேன் என்று சொல்லியிருப்பார். இப்போது யோசித்தார். "மாட்டேன்" என்றார். "போயிருப்பேன்."

"நானும் போவேன்."

"தெரியும்" என்றார். "ஆனாலும் சொல்லணும்ல."

எனக்குக் கண் மறைத்தது. துடைக்கவில்லை, அவர் பார்க்கட்டும் என்று விட்டேன்.

"இன்னொரு தடவ சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க."

பிக்கப் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான், போவேன் என்றேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஜனவரி எட்டாம் தேதி விமானம் ஏறினேன்.